பேட்டி பேஜ்: நால்வர் குழுவாகப் பாடிய ஒரே பாடகி

1950-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறிய மெர்குரி என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தின் இசைத்தட்டு ஒன்று, எண் 5344. லேபிளில் பாடியவர்கள் இடத்தில் 'தி பேட்டி பேஜ் குவார்டெட்' என்று அச்சாகியிருக்கும். குவார்டெட் என்றால் நான்கு பேர் இருக்க வேண்டும். இந்தத் தட்டில் நான்கு பேரும் ஒருவர்தான்: அமெரிக்கப் பாடகி பேட்டி பேஜ். 'வித் மை ஐஸ் வைட் ஓப்பன் ஐயம் ட்ரீமிங்' என்ற அந்தப் பாடல் அப்போதே பழையது; மேக் கோர்டனும் ஹாரி ரெவெலும் 1934-இல் எழுதியது. பட்டியலில் 11-ஆம் இடத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது.

பேட்டி பேஜ் பெயரைச் சொன்னால் பலருக்கு ஜன்னலோர நாய்க்குட்டிப் பாட்டு ('டாகி இன் தி விண்டோ') மட்டும்தான் ஞாபகம் வரும். அதை வைத்து அவரை விளையாட்டுப் பாட்டுக்காரி என்று ஒதுக்கியவர்களும் உண்டு. என் கணிப்பு வேறு. ஒரு வரியை ஒருமுறை பாடிவிட்டு, அதே சுருதியில், அதே மூச்சு இடைவெளியில், அதே எழுத்து அழுத்தத்தில் மறுபடி பாட அவரால் முடிந்தது. அந்தக் காலத்துப் பதிவு முறைக்கு இதைவிடப் பயனுள்ள திறமை வேறு இல்லை. அவருடைய தொழில் வாழ்க்கையின் முதல் பத்தாண்டு இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

இயற்பெயர் கிளாரா ஆன் ஃபௌலர். 1927 நவம்பர் 8 அன்று ஒக்லஹோமா மாநிலத்தின் கிளேர்மோரில் பிறந்தார். 11 பிள்ளைகள் கொண்ட வீடு; அப்பா ரயில்வே தொழிலாளி. டல்சா நகரில் கேடியூஎல் என்ற வானொலி நிலையத்தில் 15 நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் பேஜ் மில்க் கம்பெனி என்ற பால் நிறுவனம் நடத்தியது. அதில் பாடுகிறவருக்கு விளம்பரதாரர் பெயரை ஒட்டி வைத்த பெயர்தான் 'பேட்டி பேஜ்'. நிகழ்ச்சியை விட்ட பிறகும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். 1946-இல் ஜிம்மி ஜாய் இசைக்குழுவின் மேலாளரும் சாக்ஸஃபோன் கலைஞருமான ஜாக் ரேல் டல்சாவில் தங்கியிருந்தபோது வானொலியில் இந்தக் குரலைக் கேட்டு, குழுவில் சேர்த்தார். பிறகு அவருக்கே மேலாளர் ஆகிவிட்டார். பின்னாளில் பல லேபிள்களில் 'ஜாக் ரேல் ஆர்கெஸ்ட்ரா' என்று வருவதும் இவர்தான். மேலாளரே இசைக்குழுவையும் நடத்தினால் பாட்டு, சுருதி, வேகம் மூன்றும் பாடகியின் வசதிக்கு அமையும். இந்த லாபத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1947-இல் சிகாகோவில் மெர்குரியோடு ஒப்பந்தம். மெர்குரி 1945-இல் தொடங்கிய சின்ன நிறுவனம். கொலம்பியா, ஆர்சிஏ விக்டர், டெக்கா போன்ற பெரிய கைகளோடு மோத வேண்டிய நிலை. செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற இடம். முதல் ஹிட்டான 'கன்ஃபெஸ்' இந்தச் சூழலில் வந்ததுதான். ஒரு குரல் சொல்ல, இன்னொரு குரல் பதில் சொல்லும் பாட்டு அது. இரண்டாவது பாடகரை அழைப்பதற்குப் பதிலாக இரண்டு குரலையும் பேஜே பாடினார். இதை ஒழுங்குபடுத்தியவர் சிகாகோவின் யுனிவர்சல் ரெக்கார்டிங் ஸ்டுடியோவை நடத்திய பில் புட்னம். அதே 1947-இல் ஹார்மோனிகா குழுவொன்றின் பதிவுக்கு ஸ்டுடியோவின் குளியலறையை எதிரொலி அறையாகப் பயன்படுத்தியவர். 'கன்ஃபெஸ்' 1948-இல் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது.

ஒருவரே பல பாகத்தைப் பதிவு செய்வது அப்போது புதிதல்ல. 1941-லேயே ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே ஆறு வாத்தியங்களைத் தானே வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். ஆனால் வாத்தியத்தை அடுக்குவதைவிட மனிதக் குரலை அடுக்குவது கடினம். அதற்குக் காரணம் புரிய, வேலை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

காந்த நாடா இயந்திரம் அமெரிக்க ஸ்டுடியோக்களில் பரவியது 1948-க்குப் பிறகுதான். அதற்கு முன் அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசிய டிஸ்க்கில் நேரடியாகக் கீறிப் பதிவு செய்வார்கள். வாத்தியக் குழுவையும் முதல் குரலையும் ஒரு டிஸ்க்கில் எடுப்பார்கள். அதை ஓடவிட்டு, பாடகி ஹெட்ஃபோனில் கேட்டபடி இரண்டாவது குரலைப் பாடுவார். பழைய டிஸ்க்கின் ஒலியும் மைக்கில் வரும் புதுக்குரலும் மிக்ஸரில் கலந்து இரண்டாவது டிஸ்க்கில் பதியும். மூன்றாவது குரலுக்கு அந்த இரண்டாவது டிஸ்க்கை ஓடவிட வேண்டும். நான்கு குரலுக்கு நான்கு டிஸ்க். நாடா வந்த பிறகும் பல தடம் கொண்ட இயந்திரம் பரவும்வரை தர்க்கம் இதுதான். டிஸ்க்குக்குப் பதில் நாடா, அவ்வளவே.

சிக்கல்கள் வரிசைகட்டி நிற்கும். முதலாவது இரைச்சல். ஒவ்வொரு நகலும் தன் பங்கு இரைச்சலைச் சேர்க்கும். சம அளவு இரைச்சல் கொண்ட இரண்டு தலைமுறை, அதாவது இரண்டு நகல், சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். நான்கு சேர்ந்தால் 6 டெசிபல். அதோடு நகலுக்கு நகல் மேல் அலைவரிசை தேயும். 'ச', 'ஸ', 'ட' போன்ற ஒலிகளின் கூர்மை முதலில் போகும். அதனால் எதை முதலில் பாடுவது என்பதில் ஒரு கணக்கு உண்டு. முக்கியமில்லாத கீழ்க்குரல்களை முதலில் எடுத்து, முன்னணிக் குரலைக் கடைசியில் சேர்த்தால் அது ஒரே தலைமுறையில் பளிச்சென்று நிற்கும். தேய்மானம் பின்னணிக் குரல்களின் தலையில் விழும், அங்கே அது குறையாகவும் தெரியாது.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டு ஒரு சுற்று பிசகினால் சுமார் 1.3 சதவீத வித்தியாசம். ஒரு அரைஸ்வரத்தை 100 சென்ட்டாகப் பிரித்தால் இது 22 சென்ட். பயிற்சி இல்லாத காதுக்கே உறுத்தும். முழுப்பாட்டும் ஒரே அளவு பிசகினால் பாடகி அதற்கேற்பச் சேர்ந்துகொள்ளலாம். நடுவில் வேகம் அலைந்தால் எந்தப் பாடகியாலும் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது, திருத்தமே கிடையாது. நான்காவது குரலின் கடைசி வரியில் பிசகினால் அந்த டிஸ்க்கைத் தூக்கிப்போட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். லாக்கர் டிஸ்க் மிருதுவானது, ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் தேயும். ஆகவே மூல டிஸ்க்கைப் போட்டுப் பயிற்சி எடுத்தால் உண்மையான பதிவுக்குள் அது பாழாகிவிடும். பயிற்சிக்கென்று தனி நகல் வேண்டும், இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று முயற்சிக்குள் முடிக்கிற பாடகி வேண்டும்.

பேஜின் குரல் இங்கேதான் பொருந்துகிறது. அவர் நீண்ட ஸ்வரத்தை அசைக்காமல் நேராகப் பிடிப்பார். அதிர்வு வந்தாலும் கடைசியில்தான், அதுவும் மெல்ல. பெரும் அதிர்வோடு பாடும் இருவரை அடுக்கினால் ஒருவர் மேலே போகும்போது இன்னொருவர் கீழே இருப்பார், ஹார்மனி கலங்கிவிடும். நேர்க்குரலில் அந்தத் தொல்லை இல்லை. அடுத்து, மெய்யெழுத்துகள். சொல்லின் கடைசியில் வரும் 'ட்'டும் 'ஸ்'ஸும் இரண்டு குரலிலும் நொடியில் 25-இல் ஒரு பங்கு விலகினாலும் இரட்டைத் தட்டாகக் கேட்கும். இதற்குத் துணைக்குரலில் கடைசி மெய்யை மழுப்பிப் பாடுவது கூட்டுக்குரல் பாடகர்களின் பழைய உபாயம். முன்னணிக் குரல் மட்டும் அதைத் தெளிவாக உச்சரித்தால் போதும். பேஜின் அடுக்குக்குரல் பதிவுகளைக் காதைக் கொடுத்துக் கேளுங்கள், சொல்முடிவுகள் எவ்வளவு சுத்தம் என்று தெரியும்.

ஒரே ஆளின் குரல் என்பதில் ஒரு வசதியும் உண்டு. உயிரெழுத்தின் நிறம் எல்லாப் பாகத்திலும் ஒன்றாக இருக்கும். நான்கு வெவ்வேறு பெண்கள் பாடினால் அதற்கே நாள்கணக்கில் ஒத்திகை வேண்டும். அபாயமும் அதே இடத்தில்தான். எல்லாக் குரலும் ஒரே பலத்தில் இருந்தால் மெலடி எது, துணை எது என்று தெரியாமல் ஒரே கூழாகிவிடும். மைக்கிலிருந்து சற்றுத் தள்ளி நின்று துணைக்குரலைப் பாடினால் அந்தச் சிக்கல் பாதி தீரும்.

இதே ஆண்டுகளில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் தன் கிட்டாரையும், பின்னர் பாடகி மேரி ஃபோர்டின் குரலையும் இப்படி அடுக்கினார். தொழில்நுட்பக் கற்பனையில் லெஸ் பால்தான் பெரியவர், சந்தேகமில்லை. அவருடைய பதிவில் வித்தை முன்னால் வந்து நிற்கும். பேஜின் பதிவில் வித்தை நடந்ததே பலருக்குத் தெரியாது. லேபிளில் அச்சிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

1950-இல் 'ஆல் மை லவ்' முதலிடத்துக்குப் போனது. அதே ஆண்டு முடிவில் 'டென்னஸி வால்ட்ஸ்'. ரெட் ஸ்டூவர்ட்டும் பீ வீ கிங்கும் 1946-இல் எழுதி, கிங்கின் குழு 1948-இல் வெளியிட்ட கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற) பாணி வால்ட்ஸ் அது; மூன்றெண்ணத் தாளத்தில் அமைந்த நடனப்பாட்டு. 1950-இல் எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர் அதைத் தன் பாணியில் வாசித்தார். பில்போர்டு என்ற இசைத்தொழில் பத்திரிகையில் வேலை செய்த ஜெர்ரி வெக்ஸ்லர் (பின்னாளில் அட்லாண்டிக் நிறுவனத்தின் புகழ்பெற்ற தயாரிப்பாளர்) அதைக் கேட்டுவிட்டு ஜாக் ரேலிடம் சொன்னார். மெர்குரிக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. 'பூகி வூகி சான்டா கிளாஸ்' என்பதை முன்பக்கத்தில் போட்டு, எதையாவது பின்பக்கத்தில் போட வேண்டுமே என்று இந்த வால்ட்ஸைப் போட்டார்கள். எண் 5534. கிறிஸ்துமஸ் பாட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிசம்பர் முடிவதற்குள் பின்பக்கம் முதலிடத்தில் இருந்தது. பண்டிகை போனதும் மெர்குரி மறுபக்கத்தை மாற்றி 'லாங் லாங் அகோ' என்ற பாடலைப் போட்டது.

எத்தனை வாரம் முதலிடம் என்று தேடினால் ஓரிடத்தில் 9 என்றும் இன்னோரிடத்தில் 13 என்றும் இருக்கும். இரண்டும் தப்பில்லை. அன்று பில்போர்டில் ஒரே பட்டியல் கிடையாது. கடை விற்பனைக்கு ஒன்று, வானொலி ஒலிபரப்புக்கு ஒன்று, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக வந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்கிய ஹாட் 100 தொடங்கியது 1958 ஆகஸ்டில். அதற்கு முந்தைய பாடலுக்கு 'ஹாட் 100-இல் முதலிடம்' என்று யாராவது எழுதியிருந்தால் மீதித் தகவலையும் நம்ப வேண்டாம்.

அந்தக் காலத்தில் ஒரு பாட்டு சூடுபிடித்தால் எல்லா நிறுவனமும் தன் பாடகரை வைத்து அதையே பதிவு செய்யும். பாட்டின் உரிமை பதிப்பகத்துக்குச் சொந்தம். எத்தனை பேர் பாடினாலும் பதிப்பகத்துக்கு லாபம். 'டென்னஸி வால்ட்ஸ்' பாடலை லெஸ் பால்-மேரி ஃபோர்டும் ஜோ ஸ்டாஃபர்டும் சில வாரங்களுக்குள் வெளியிட்டு, அவர்களும் முதல் பத்துக்குள் வந்தார்கள். நாஷ்வில்லின் அகஃப்-ரோஸ் பதிப்பகத்துக்கு இந்த ஒரு பாட்டு கொண்டுவந்த பணம் அந்த நகரத்தின் இசைத்தொழில் வளர்ச்சிக்கே உரமானது. ஜப்பானில் சியெமி எரி 1952-இல் பாடி அங்கேயும் ஹிட். 1965-இல் டென்னஸி அதை மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றது. பேஜின் பதிவு பாப் பட்டியலோடு நிற்காமல் கன்ட்ரி பட்டியலிலும் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஒக்லஹோமா பேச்சுவாடை முழுவதும் போகாத உச்சரிப்பு அதற்கு உதவியது என்பது என் எண்ணம்.

அதன் பிறகு வந்த பெரிய வெற்றிகளை வரிசையாகப் போட்டுத் தாளத்தை எண்ணிப் பாருங்கள். 'மாக்கிங்பர்ட் ஹில்' (1951), 'ஐ வென்ட் டு யுவர் வெட்டிங்' (1952), நாய்க்குட்டிப் பாட்டு (1953), 'சேஞ்சிங் பார்ட்னர்ஸ்' (1953), 'அலிகேனி மூன்' (1956). எல்லாம் மூன்று எண்ணிக்கை கொண்ட வால்ட்ஸ். இதில் தற்செயல் மட்டும் இல்லை. மூன்றெண்ணத் தாளத்தில் முதல் எண்ணில் சொல் விழுந்தால் அடுத்த இரண்டு எண்ணுக்கும் ஸ்வரத்தை நீட்டலாம். நேராக நீட்டிப் பிடிப்பதுதான் பேஜின் பலம்; கூடப் பாடும் இரண்டாவது குரலும் சேர்ந்துகொள்ள நேரம் கிடைக்கும். வேகமான நான்கெண்ணப் பாட்டில் அந்தக் குரல் சாதாரணமாகவே இருக்கும், சிலதில் கொஞ்சம் அவசரப்படவும் செய்யும்.

'டாகி இன் தி விண்டோ' (மெர்குரி 70070) பாப் மெரில் எழுதியது. முதலிடத்தில் 8 வாரம் இருந்தது. குழந்தைகளுக்கான தொகுப்புக்காகப் பாடியது. அதில் குரைப்பது நாய் இல்லை, மேக் செப்போஸ் என்ற வயலின் கலைஞர். பிரிட்டனில் இதையே லிட்டா ரோசா பாடி 1953 ஏப்ரலில் முதலிடம் பெற்றார். பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் பாடகி அவர்தான். ராக் இசையின் வரலாற்றை எழுதியவர்கள் 1950-களின் தொடக்கம் எவ்வளவு சப்பென்று இருந்தது என்பதற்கு இந்தப் பாட்டைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். ஒரு பாட்டாக அது சாதாரணம்தான். ஆனால் அதை வைத்து 'ஐ வென்ட் டு யுவர் வெட்டிங்' பாடிய குரலை எடைபோடக் கூடாது. அது 10 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு.

தொலைக்காட்சியில் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி மூன்றிலும் அவர் நிகழ்ச்சி நடத்தினார். சிபிஎஸ்ஸில் 1957-58-இல் 'தி பிக் ரெக்கார்ட்', ஏபிசியில் அடுத்த பருவத்தில் ஓல்ட்ஸ்மொபைல் கார் நிறுவனத்தின் ஆதரவில் ஒன்று.

ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வந்த 1956-இல் இவருடைய தலைமுறையில் பலர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். இவர் அதே ஆண்டு 'அலிகேனி மூன்' மூலம் இரண்டாம் இடம், அடுத்த ஆண்டு 'ஓல்ட் கேப் காட்' மூலம் மூன்றாம் இடம். இரண்டாவது பாட்டில் அடுக்குக்குரல் முன்பைவிட மென்மையானது. தனித்தனிக் குரலாகப் பிரித்துக் கேட்பதே கடினம். 40 ஆண்டு கழித்து க்ரூவ் ஆர்மடா என்ற ஆங்கிலேய இருவர் இசைக்குழுவினர் தங்கள் 'அட் தி ரிவர்' பாடலுக்கு இதிலிருந்துதான் ஒரு துண்டை எடுத்தார்கள். 1960-களில் கொலம்பியாவுக்கு மாறினார். 1965-இல் ஒரு திரைப்படத்தின் தலைப்புப் பாடலான 'ஹஷ், ஹஷ், ஸ்வீட் சார்லட்' எட்டாம் இடம் பிடித்தது. முதல் பத்துக்குள் வந்த கடைசிப் பாட்டு. பிறகு கன்ட்ரி இசை. 1997-இல் கார்னகி ஹாலில் நடந்த 50-ஆம் ஆண்டு கச்சேரியின் பதிவுக்கு 1999-இல் கிராமி கிடைத்தது, அவருடைய முதல் கிராமி. 2013 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவில் காலமானார்.

இப்போது கேட்க நினைப்பவர்களுக்கு. பழைய 78 தட்டு கிடைத்தால் எல்பி (பின்னாளில் வந்த நீண்டநேர இசைத்தட்டு) ஊசியில் ஓட்டாதீர்கள். எல்பி ஊசி முனை சுமார் 25 மைக்ரான். 78-இன் பள்ளத்துக்கு 75 மைக்ரான் அளவு வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையும் கீறலையும் வாசிக்கும், குரல் மெலிந்து சரசரப்பு மட்டும் பெரிதாகும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ (இடது வலது ஒலியை ஒன்றாக்கும்) பொத்தான் இருந்தால் போடுங்கள், பக்கவாட்டு அசைவில் மட்டுமே இசை இருப்பதால் மேல்கீழ் அசைவின் இரைச்சல் கணிசமாகக் குறையும். ஷெல்லாக் என்ற அரக்கில் செய்த இந்த 78 தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது, மேற்பரப்பு கரைந்துவிடும். வடிகட்டிய நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் போதும், லேபிளை நனைக்காமல்.

குறுந்தகட்டிலோ ஸ்ட்ரீமிங்கிலோ வாங்குவதானால் வேறொரு பொறி உண்டு. 1960-களில் கொலம்பியாவில் அவர் தன் பழைய ஹிட்களை ஸ்டீரியோவில் மறுபடி பாடினார். தொகுப்புகளில் இந்த மறுபதிவுகள் மூலப்பதிவின் பெயரிலேயே திரியும். 'டென்னஸி வால்ட்ஸ்' பாடலில் வாத்தியங்கள் இடது வலதாகத் துல்லியமாகப் பிரிந்து, குரலைச் சுற்றிப் பெரிய மண்டபத்தின் எதிரொலி கேட்டால் அது 1950-இன் பதிவு அல்ல. மூலம் மோனோ. சில நிறுவனங்கள் மோனோவையே எடுத்து, ஒரு பக்கம் மேல் அலைவரிசையும் மறுபக்கம் கீழ் அலைவரிசையுமாகப் பிரித்துப் போலி ஸ்டீரியோ செய்திருக்கின்றன. அதில் அடுக்குக்குரல் நடுவில் நிற்காமல் அலையும், ஹெட்ஃபோனில் உடனே பிடிபடும். இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டோம் என்று விளம்பரம் செய்யும் பிரதிகளிலும் கவனம் தேவை. அளவு மீறித் துடைத்தால் நான்கு தலைமுறைக்குப் பிறகு மிஞ்சியிருந்த சொற்ப 'ஸ'காரமும் இரைச்சலோடு போய்விடும். மெர்குரி பதிவு, மோனோ, பதிவான ஆண்டு என்ற மூன்றும் அட்டையில் தெளிவாக இருக்கும் தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள்.